துப்பாக்கியை வேறு மாநிலத்தவருக்கு விற்பது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சொந்தத் துப்பாக்கியை வேறு மாநிலத்தில் இருப்பவருக்கு விற்பது, கொடுப்பது, அனுப்பிவைப்பது பற்றி அமெரிக்காவில் வாழும் நம் வாசகர்கள் கேட்டிருந்தவற்றை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறோம். பதில்கள் அமெரிக்க மத்திய சட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை. மாநிலச் சட்டம் அதைவிடக் கடுமையாக உள்ள இடங்களில் இரண்டையும் சேர்த்தே பின்பற்ற வேண்டும்.

கேள்வி: நான் டெக்சாஸ் மாநிலம் டல்லாஸில் வசிக்கும் அமெரிக்கக் குடிமகன். சில ஆண்டுகளுக்கு முன் கடையில் வாங்கிய 9 மில்லிமீட்டர் பிஸ்டல் ஒன்று என்னிடம் இருக்கிறது. வீட்டில் குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டதால் அதை விற்றுவிடலாம் என்று மனைவி சொல்கிறார். ஜார்ஜியாவில் இருக்கும் என் கல்லூரி நண்பர், அவரும் குடிமகன்தான், அதை விலைக்குக் கேட்கிறார். என் அலுவலக நண்பர் இதே ஊரில் தன் துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்றபோது எந்தப் படிவமும் நிரப்பவில்லை. நானும் அதேபோல நண்பரின் வீட்டு முகவரிக்கு அனுப்பிவிடலாமா?

பதில்: அனுப்பக் கூடாது. உங்கள் அலுவலக நண்பர் செய்தது டெக்சாஸுக்குள், டெக்சாஸ்வாசிகள் இருவருக்கிடையே நடந்த விற்பனை. வாங்குபவர் துப்பாக்கி வைத்திருக்கத் தடை செய்யப்பட்டவர் என்று விற்பவருக்குத் தெரியாதவரையிலும், அவ்வாறு சந்தேகிக்கக் காரணம் இல்லாதவரையிலும், அத்தகைய விற்பனைக்கு மத்திய சட்டமோ டெக்சாஸ் சட்டமோ படிவம் எதையும் கேட்பதில்லை. மாநில எல்லையைத் தாண்டியவுடன் நிலைமை முற்றிலும் மாறிவிடுகிறது. துப்பாக்கி வியாபார உரிமம் இல்லாத ஒருவர், வேறு மாநிலத்தில் வசிக்கும் உரிமம் இல்லாத இன்னொருவருக்குத் துப்பாக்கியை நேரடியாக விற்பதையும் கொடுப்பதையும் 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அதற்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. வாங்கித் தன் மாநிலத்துக்குக் கொண்டுசெல்பவரும் தனியாகக் குற்றம் செய்தவராகிறார். ஆகவே, தெரியாமல் செய்யும் ஒரு தவறு உங்களோடு நண்பரையும் சேர்த்து இழுத்துவிடும்.

இந்தச் சட்டம் ஏன் வந்தது என்பதை டல்லாஸில் வாழும் நீங்கள் அறிந்திருப்பது நல்லது. 1963ஆம் ஆண்டு மார்ச் மாதம் லீ ஹார்வி ஆஸ்வால்ட், பத்திரிகை விளம்பரத்தில் இருந்த கூப்பனை நிரப்பி, சிகாகோவின் கிளைன்ஸ் விளையாட்டுப் பொருள் கடையிலிருந்து இத்தாலிய ராணுவத்தின் பழைய கார்கானோ ரைஃபிள் ஒன்றைத் தபாலில் வரவழைத்தார். தொலைநோக்கியோடு சேர்த்து அதன் விலை 19 டாலர் 95 சென்ட். ‘ஹிடெல்’ என்ற பொய்ப் பெயரில், டல்லாஸில் இருந்த ஓர் அஞ்சல் பெட்டி எண்ணுக்கு அது வந்து சேர்ந்தது. வாங்குகிறவர் யார் என்று பார்க்க ஒருவருக்கும் வாய்ப்பே இருக்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 22ஆம் தேதி அதிபர் கென்னடி அந்த ரைஃபிளால் சுடப்பட்டார். அதன் பின்னும் ஐந்து ஆண்டுகள் இழுபறியாகக் கிடந்த மசோதா, 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட பிறகுதான் நிறைவேறியது. அதிபர் ஜான்சன் அக்டோபர் 22ஆம் தேதி அதில் கையெழுத்திட்டார். வாங்குபவரின் முகத்தையும் அடையாள அட்டையையும் அவருடைய மாநிலத்திலேயே ஒருவர் நேரில் பார்க்காமல் துப்பாக்கி அவர் கைக்குப் போகக் கூடாது என்பதே இந்தச் சட்டத்தின் உயிர்நாடி. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற விதிகள் எல்லாம் தாமாகவே விளங்கும்.

அப்படி நேரில் பார்ப்பவர், மத்திய அரசின் உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரி. எஃப்.எஃப்.எல். என்ற மூன்றெழுத்தால்தான் எல்லோரும் அவரைக் குறிப்பிடுகிறார்கள். உங்கள் நண்பர் ஜார்ஜியாவில் தனக்கு வசதியான ஒரு வியாபாரியிடம் முதலில் பேசி, வெளிமாநிலத்துத் தனிநபரிடமிருந்து வரும் துப்பாக்கியை அவர் பெற்றுக்கொள்வாரா, அதற்கு எவ்வளவு கட்டணம் என்று கேட்டுவிட வேண்டும். சட்டம் அனுமதித்தாலும், தனிநபர் அனுப்புவதை வாங்க மாட்டோம், இன்னொரு வியாபாரி அனுப்பினால்தான் வாங்குவோம் என்று சொல்லும் கடைகள் பல உண்டு. அவர் ஒப்புக்கொண்டால் தன் உரிமத்தின் கையெழுத்திட்ட நகலை உங்களுக்கு அனுப்புவார். அந்த நகலை அப்படியே நம்பிவிடாதீர்கள். மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் துறையின், அதாவது ஏ.டி.எஃப். துறையின், இணையதளத்தில் உரிம எண்ணின் முதல் மூன்று இலக்கங்களையும் கடைசி ஐந்து இலக்கங்களையும் இட்டால், அந்த உரிமம் செல்லுபடியாகிறதா, யார் பெயரில், எந்த முகவரியில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அங்கே காணும் முகவரிக்கே பொட்டலம் போக வேண்டும்.

பொட்டலம் கடைக்கு வந்ததும் வியாபாரி தன் பதிவேட்டில் அதை ஏற்றுவார். நண்பர் நேரில் சென்று, தற்போதைய முகவரி உள்ள அரசு அடையாள அட்டையைக் காட்டி, 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். பின்னர் எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சோதனை நடக்கும். 1998 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ள இந்தச் சோதனையில் பலருக்குச் சில நிமிடங்களிலேயே அனுமதி கிடைத்துவிடுகிறது. சிலருக்குத் தாமதம் என்று பதில் வரும். சிலருக்கு மறுப்பு வரும். மறுக்கப்பட்டால் பணத்தை யார் திருப்புவது, துப்பாக்கியைத் திரும்ப அனுப்பும் செலவு யாருடையது என்பதை விற்கும் முன்பே எழுத்தில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் பிஸ்டலை நீங்கள் டல்லாஸில் உள்ள ஒரு வியாபாரி வழியாகப் பெற வேண்டியிருக்கலாம். அப்போது உங்களுக்கும் பின்னணிச் சோதனை நடக்கலாம். நெருங்கிய நண்பர்தானே என்று இந்தப் பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: வாங்குபவரின் ஊரில் வியாபாரி கிடைத்துவிட்டார். இனி நான் அதை எந்த வழியில் அனுப்புவது? பாகங்களாகப் பிரித்துத் தனித்தனிப் பெட்டிகளில் அனுப்பினால் இந்த விதிகள் பொருந்தாது என்று ஒருவர் சொன்னார். உண்மையா? (டென்னசியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். பிஸ்டலில் வரிசை எண் பொறிக்கப்பட்ட அடிச்சட்டமே (ஃபிரேம்) சட்டத்தின் பார்வையில் துப்பாக்கி. குழாய், மேல் ஸ்லைடு, ஸ்பிரிங், கைப்பிடி உறை ஆகியவை பொதுவாக உதிரி பாகங்களே. அவற்றைத் தனியாக அனுப்பத் தடையில்லை. ஆனால் அந்த அடிச்சட்டம் எந்தப் பெட்டியில் போனாலும் அது முழுத் துப்பாக்கி போவதற்குச் சமம். உங்களுக்கு அந்த யோசனையைச் சொன்னவரிடம் இந்த விஷயத்தில் மேற்கொண்டு எதையும் கேட்காமல் இருப்பது நல்லது.

அனுப்பும் வழியைப் பொறுத்தவரை, சட்டம் அனுமதிப்பதும் பார்சல் நிறுவனங்கள் அனுமதிப்பதும் வேறுவேறு என்பதால்தான் பலர் குழம்புகிறார்கள். தனிநபர் ஒருவர் எந்த மாநிலத்தில் உள்ள உரிம வியாபாரிக்கும் துப்பாக்கியை அனுப்பலாம் என்பது மத்திய சட்டம். ஆனால் யு.பி.எஸ்., ஃபெட்எக்ஸ் ஆகிய இரண்டு பெரிய நிறுவனங்களும், தங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்ட உரிமதாரர்களிடமிருந்து மட்டுமே துப்பாக்கிகளைப் பெற்றுக்கொள்வதாகத் தங்கள் சொந்த விதிகளில் வைத்திருக்கின்றன. உள்ளே இருப்பதைச் சொல்லாமல் அவர்களிடம் கொடுப்பதை எந்த நிலையிலும் நினைத்துப் பார்க்காதீர்கள். பொட்டலம் தொலைந்தால் இழப்பீடு கேட்க முடியாது. நடுவழியில் பிடிபட்டால் விளக்கம் சொல்லவும் முடியாது.

அமெரிக்க அஞ்சல் துறை ரைஃபிளையும் ஷாட்கன்னையும் தனிநபர்களிடமிருந்து நிபந்தனைகளோடு ஏற்றுக்கொள்கிறது. வேறு மாநிலமானால் உரிம வியாபாரியின் முகவரிக்கே அவை போக வேண்டும். ஆடையில் மறைத்து வைக்கத்தக்க கைத்துப்பாக்கிகளைப் பொதுமக்கள் அஞ்சலில் அனுப்பக் கூடாது என்ற சட்டம் 1927இலேயே இயற்றப்பட்டது. அஞ்சல் விதிகள் திருத்தப்படக்கூடியவை என்பதால், நீண்ட துப்பாக்கியே ஆனாலும் அனுப்பும் வாரத்தில் உள்ள விதியைப் படித்த பின்பே அஞ்சலகத்துக்குச் செல்லுங்கள்.

கைத்துப்பாக்கியை விற்பவருக்கு நான் பரிந்துரைப்பது ஒரே வழியைத்தான். உங்கள் ஊரில் உள்ள ஓர் உரிம வியாபாரியிடம் துப்பாக்கியை ஒப்படைத்து, வாங்குபவரின் ஊர் வியாபாரிக்கு அவரையே அனுப்பச் சொல்லுங்கள். அவர் தன் கணக்கில், தனக்குக் கிடைக்கும் முறையில் அனுப்புவார். இரண்டு கடைகளுக்கும் கட்டணம் கொடுக்க வேண்டியிருப்பதால் விற்பனையில் கிடைக்கும் தொகை குறையத்தான் செய்யும். விலை பேசும்போதே அதைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். உங்கள் கையிலிருந்து போனதற்கும் வாங்குபவர் கைக்குச் சேர்ந்ததற்கும் இரண்டு முனையிலும் பதிவு இருப்பது அந்தச் செலவுக்குத் தகும் என்பது என் உறுதியான கருத்து.

ஒப்படைக்கும் முன் தோட்டாக்களை அடுக்கும் மேகசினைக் கழற்றி, துப்பாக்கியின் தோட்டா அறையில் (சேம்பர்) தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் சரிபாருங்கள். தோட்டாக்களை அதே பெட்டியில் வைக்கவே கூடாது. அவை அபாயப் பொருள் வகையைச் சேர்ந்தவை, அஞ்சல் துறை அவற்றை ஏற்பதே இல்லை. பெட்டியின் வெளியே துப்பாக்கி என்று எழுதவும் வேண்டாம். அப்படி எழுத வேண்டும் என்று பார்சல் நிறுவனம் கட்டாயப்படுத்துவதையே சட்டம் தடுத்திருக்கிறது. வழியில் திருடுபோகாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது.

கேள்வி: என் தம்பி வேறு மாநிலத்தில் இருக்கிறான். பணம் வாங்காமல் பரிசாகக் கொடுத்தாலும் இதே நடைமுறைதானா? அவனே இங்கு வந்து எடுத்துச் சென்றால்? (வட கரோலினாவிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இதே நடைமுறைதான். சட்டம் பணத்தைப் பார்ப்பதில்லை, கைமாறுவதைப் பார்க்கிறது. உடன்பிறந்தவர் என்பதற்கு மத்திய சட்டத்தில் தனிச் சலுகை கிடையாது. தம்பி உங்கள் வீட்டுக்கு வந்து எடுத்துச் சென்றாலும், நீங்கள் அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் குற்றமே. ரைஃபிளோ ஷாட்கன்னோ ஆனால், இரு மாநிலச் சட்டங்களும் இடம் கொடுக்கும்போது, தம்பி உங்கள் ஊருக்கு வந்திருக்கையில் இங்குள்ள வியாபாரியிடமே படிவம் நிரப்பிப் பெற்றுக்கொள்ள முடியும். கைத்துப்பாக்கி என்றால் அவருடைய மாநில வியாபாரியிடம்தான் பெற முடியும். வேட்டைக்கோ சுடும் பயிற்சிக்கோ தற்காலிகமாக இரவல் கொடுப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு; ஆனால் திருப்பித் தரும் எண்ணமே இல்லாமல் கொடுப்பதற்கு இரவல் என்று பெயர் வைக்க முடியாது.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் நியூ ஜெர்சியில் வேலை செய்கிறேன். பென்சில்வேனியாவில் உள்ள நண்பர் ஊருக்கே திரும்பப் போவதால் தன் ரைஃபிளைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். வியாபாரி மூலம் போனால் சட்டப்படி சரியாகிவிடும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். இந்த இதழில் உள்ள கேள்விகளில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது உங்களுடையதுதான். ஏனெனில் நம்மவர்களில் மிகப் பலர் உங்கள் நிலையில் இருக்கிறார்கள், பலருக்கு இந்த விதி இருப்பதே தெரியாது.

குடியேற்ற நோக்கமில்லாத விசாவில் அமெரிக்காவுக்குள் அனுமதிக்கப்பட்டவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதையே மத்திய சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. எச்-1பி, அவர்களின் குடும்பத்தாருக்கான எச்-4, மாணவர்களுக்கான எஃப்-1 ஆகியவை எல்லாம் இதில் அடங்கும். கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. விசாவில் இருப்பவர்களுக்குச் சில விலக்குகள் உள்ளன. ஏதாவது ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பது அவற்றில் பலரும் பயன்படுத்துவது. ஆனால் அந்த உரிமம் காலாவதியாகும் நாளில் வீட்டில் துப்பாக்கி இருந்தால் அன்று முதல் நீங்கள் குற்றவாளி. 2022இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின் இந்தக் குற்றத்துக்குப் பதினைந்து ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம். அதோடு, துப்பாக்கிக் குற்றத்தில் தண்டிக்கப்படும் வெளிநாட்டவரை நாடு கடத்தக் குடியேற்றச் சட்டம் தனிப் பிரிவே வைத்திருக்கிறது. குறைந்த விலையில் கிடைக்கும் ஒரு ரைஃபிளுக்காக, வரிசையில் காத்திருக்கும் கிரீன் கார்டையும் குடும்பத்தின் எதிர்காலத்தையும் பணயம் வைக்க வேண்டாம் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

4473 படிவத்தில் குடியுரிமை எது, குடியேற்ற நோக்கமில்லாத விசாவில் அனுமதிக்கப்பட்டவரா என்ற கேள்விகள் நேராகவே கேட்கப்படுகின்றன. பொய் சொன்னால் அது தனிக் குற்றம். உண்மையைச் சொன்னால், விலக்குக்கான சான்று இல்லாதவரை, வியாபாரி மறுத்துவிடுவார். வியாபாரி மூலம் போனால் சரியாகிவிடும் என்று நண்பர் சொல்வது அதனால்தான் பொருந்தவில்லை. மேலும் நியூ ஜெர்சியில் ரைஃபிள் வாங்கக் காவல் துறை வழங்கும் அடையாள அட்டை முன்கூட்டியே வேண்டும்.

வைத்திருப்பது என்ற சொல்லைச் சட்டம் விரிவாகப் பொருள் கொள்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து மாணவராக வந்த ரெஹாய்ஃப் என்பவர், பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டு விசா தகுதியை இழந்த பின் ஃபுளோரிடாவில் ஒரு சுடும் பயிற்சிக் கூடத்துக்குச் சென்று துப்பாக்கி எடுத்துச் சுட்டதற்காகவே வழக்கைச் சந்தித்தார். 2019இல் அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், தன் குடியேற்றத் தகுதி இன்னது என்பது குற்றம்சாட்டப்பட்டவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். அலுவலக நண்பர்களோடு பொழுதுபோக்காகச் சுடும் கூடத்துக்குப் போவதற்கு முன்பும் இதை நினைவில் வையுங்கள்.

உங்கள் நண்பரும் விசாவில் இருப்பவரானால், அந்த ரைஃபிள் அவரிடம் இருப்பதே சிக்கலாக இருக்கலாம். அவசரமாக யாரிடமாவது தள்ளிவிடுவதை விட, குடியேற்றச் சட்டமும் குற்றவியல் சட்டமும் அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் அவர் உடனே பேச வேண்டும். தடை செய்யப்பட்டவர் என்று அறிந்தே ஒருவருக்கு விற்பதும் அதே அளவு தண்டனைக்குரிய குற்றம்.

கேள்வி: அரிசோனாவில் இருக்கும் நான் என் பிஸ்டலைக் கலிஃபோர்னியாவில் உள்ள ஒருவருக்கு விற்க நினைக்கிறேன். அங்கே ஏதோ கூடுதல் விதி உண்டாமே?

பதில்: உண்டு. உங்கள் மாடல் அங்கே அனுமதிக்கப்பட்ட கைத்துப்பாக்கிகளின் பட்டியலில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். மாநில நீதித்துறை அந்தப் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் இல்லாத மாடலை, சில விலக்குகள் தவிர, அங்குள்ள வியாபாரி சாதாரணக் குடிமகனிடம் ஒப்படைக்க முடியாது. கலிஃபோர்னியாவாசிகள் இருவர் தங்களுக்குள் வியாபாரி வழியாக விற்றுக்கொள்வதற்கு விலக்கு இருக்கிறது. அரிசோனாவில் இருக்கும் உங்களுக்கு அது பொருந்தாது. பத்துத் தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் மேகசினை அங்கே கொண்டுவருவதும் விற்பதும் தடை செய்யப்பட்டவை. பிஸ்டலோடு வந்த மேகசின்தானே என்று அதைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். படிவம் நிரப்பிய பின் பத்து நாள் காத்திருப்பும் உண்டு. உங்கள் ஊர் வியாபாரி மூலம் அனுப்பினால், அவர் கலிஃபோர்னிய நீதித்துறையிடம் முன்கூட்டியே ஒப்புதல் எண் பெற வேண்டும். ஆகவே முன்பணம் வாங்கும் முன் அங்குள்ள வியாபாரியிடம் மாடலின் முழுப் பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: என் கணவரின் தந்தை ஒஹையோவில் காலமானார். தன் பழைய ஷாட்கன்னை மகனுக்கு என்று உயிலில் எழுதியிருக்கிறார். நாங்கள் இல்லினாயில் இருக்கிறோம். கணவர் குடிமகன். அதற்கும் வியாபாரி வேண்டுமா? (சிகாகோ அருகிலிருந்து ஒரு வாசகி)

பதில்: உங்கள் மாமனாரின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். உயில் வழியாகவோ, உயில் இல்லாதபோது வாரிசு முறையிலோ வரும் துப்பாக்கிக்கு மத்திய சட்டம் விலக்கு அளிக்கிறது. பெறுபவர் தடை செய்யப்பட்டவராக இல்லாமல், அவருடைய மாநிலத்தில் அதை வைத்திருக்கச் சட்டம் அனுமதித்தால், வியாபாரி இல்லாமலே அவர் அதைப் பெற்றுக்கொள்ளலாம். இல்லினாயில் துப்பாக்கி வைத்திருக்க மாநிலக் காவல் துறை வழங்கும் எஃப்.ஓ.ஐ.டி. அட்டை வேண்டும், அது கணவரிடம் இல்லையென்றால் முதலில் அதற்கு விண்ணப்பிக்கட்டும். அதுவரை ஷாட்கன் ஒஹையோவிலேயே, உயிலை நிறைவேற்றுபவரின் பொறுப்பில் பூட்டி வைக்கப்பட்டிருக்கலாம். பார்சலில் வரவழைப்பதை விட கணவரே காரில் கொண்டுவருவது எளிது: தோட்டா இல்லாமல், பூட்டிய உறையில், கை எட்டாத பின் டிக்கியில். உயிலின் நகலும் இறப்புச் சான்றிதழின் நகலும் உடன் இருக்கட்டும்.

எடுப்பதற்கு முன் குழாயின் நீளத்தை அளந்து பாருங்கள். 18 அங்குலத்துக்குக் குறைவாக வெட்டப்பட்டிருந்தால் அது 1934ஆம் ஆண்டின் தனிச் சட்டத்துக்குள் வரும்; அதை யாரும் தொடாமல் வைத்துவிட்டு வழக்கறிஞரை அழையுங்கள். 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டதானால், மத்திய சட்டம் அதைத் தொன்மைப் பொருளாகவே கருதுகிறது. மாநில விதியை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

கேள்வி: விற்று முடித்த பின் என்னென்ன தாள்களை வைத்துக்கொள்ள வேண்டும்? எவ்வளவு காலத்துக்கு? (டல்லாஸ் வாசகரைப் போலவே பிஸ்டலை விற்கவிருக்கும் மிசூரி வாசகர்)

பதில்: தனிநபர் இன்ன தாளை இத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய சட்டம் சொல்லவில்லை. இருந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஆயுள் முழுதும். குற்றம் நடந்த இடத்தில் ஒரு துப்பாக்கி கிடைத்தால், மேற்கு வெர்ஜினியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள ஏ.டி.எஃப். மையம் அதன் வரிசை எண்ணைக் கொண்டு தயாரிப்பாளர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று படிப்படியாகத் தேடிவந்து, கடையில் அதை முதலில் வாங்கியவர் யார் என்பதைக் கண்டுபிடிக்கும். அது நீங்கள். அதற்குப் பின் யார் கைக்குப் போனது என்பதைக் காட்டும் தாள் உங்களிடம் இருந்தால் விசாரணையாளரின் வேலை அங்கிருந்து முன்னே நகரும். தயாரிப்பாளர் பெயர், மாடல், வரிசை எண், ஒப்படைத்த தேதி, இரண்டு வியாபாரிகளின் பெயரும் உரிம எண்ணும், வாங்கியவரின் பெயர், பார்சல் ரசீது ஆகியவை ஒரே உறையில் இருக்கட்டும். வாங்குபவரின் ஊர் வியாபாரியிடம், பொருள் வந்து சேர்ந்தது என்று ஒரு மின்னஞ்சல் கேட்டு வாங்கி அதையும் அச்செடுத்துச் சேருங்கள். உறை எங்கே இருக்கிறது என்பதை உங்கள் மனைவியிடமும் சொல்லி வையுங்கள்.